ஜோயல் பெயருக்கு வந்த நினைவூட்டு

சேத்தூர் சுயம்புலிங்கத்தின் நெஞ்சு கெட்டுப்போனது ராஜபாளையத்துப் பஞ்சுக் கிடங்கு ஒன்றில். கழிவுப் பஞ்சில் தீப்பிடித்தால் கொழுந்துவிட்டு எரியாது. உள்ளுக்குள்ளேயே கனன்று புகையாகக் கக்கும். அந்தப் புகைக்குள் ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, ஒரு பகல் முழுக்க நின்று பொதிகளைப் புரட்டிப் போட்டார். அதற்குப் பிறகு மாடிப்படி ஏறினாலே இருமல் வந்தது. தீயணைப்புத் துறையில் முன்னணித் தீயணைப்பாளர் என்பது அவருடைய பதவி. ஏணி ஏற முடியாத முன்னணியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நிலையத்திலேயே மேசை வேலை கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள்.

நிலையம், ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே பெரிய சாலையை ஒட்டிப் புதிதாகத் திறந்தது. காலையில் எல்லோரும் வரிசையில் நின்றதும் மேலிடத்திலிருந்து வந்தவற்றை வாசிப்பது சுயம்புலிங்கத்தின் வேலை. இன்னாருக்குப் பதவி உயர்வு. இன்னாருக்கு இடமாற்றம். இன்னார் ஓய்வு பெறுகிறார், இன்னார் காலமானார். அது முடிந்ததும் நினைவூட்டுகள். சீருடை அளவு கொடுக்காதவர்கள் உடனே கொடுக்கவும். சொத்து விவரம் அனுப்பாதவர்கள் அனுப்பவும். மருத்துவத் தகுதிச் சான்று வராதவர்களிடம் விளக்கம் கேட்கப்படும். முடியை ஒழுங்காக வெட்டிக்கொண்டு வரவும்.

இரண்டு வரிக்கு ஒருமுறை மூச்சு வாங்க நிறுத்துவார். அந்த இடைவெளியில் வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல் வரும்.

"அண்ணே, நல்ல சேதி அம்புட்டும் வேற ஸ்டேஷன்காரனுக்கே வருதே. நமக்கு நினைவூட்டு மட்டுந்தானா?"

அது ஜோயல். ஆலங்குளத்துக்காரன், அப்பா சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி ஜாஸ்மினோடும் நடை பழகும் மகளோடும் ராஜபாளையத்தில் வாடகைக்குக் குடியிருந்தான். கிணறு என்றால் அவன்தான் முதலில் இறங்குவான். மாடு விழுந்தாலும் மனிதர் விழுந்தாலும் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, யாரும் சொல்லக் காத்திருக்காமல் வண்டியிலிருந்து குதித்துவிடுவான். சுயம்புலிங்கத்துக்கு அவன்மேல் ஒரு பிரியம் உண்டு. அதை வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். "ஏலே, வாய மூடிட்டு நில்லு" என்பதோடு சரி.

அந்த வருடம் நல்ல சேதி சுயம்புலிங்கத்துக்கே வருவதாக இருந்தது. நிலைய அலுவலர் பதவி உயர்வுக்கான பேனலில் அவர் பெயர் ஏறியிருந்தது. ஓய்வு பெறுவதற்குள் தோளில் நட்சத்திரம் ஏறிவிடும் என்று அவர் மனைவி முனீஸ்வரி சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லி வைத்துவிட்டாள்.

ஆடிப்பூரத் தேரன்று ஒரு வண்டியும் பாதி ஆட்களும் ஸ்ரீவில்லிபுத்தூரில் பாதுகாப்புக்கு நின்றார்கள். மத்தியானம் சுந்தரபாண்டியத்துப் பக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. தூர்வாரிக்கொண்டிருந்த ஒரு கிணற்றில், பாதி ஆழத்திலிருந்த திட்டில் ஆயில் என்ஜினை இறக்கி வைத்துத் தண்ணீர் இறைத்திருக்கிறார்கள். என்ஜின் புகை அடியில் தேங்கி, உள்ளே வேலை செய்த ஆள் மண்மேட்டின் மேல் மயங்கிக் கிடக்கிறான். ஆள் குறைவு என்பதால் சுயம்புலிங்கமும் வண்டியில் ஏறினார். நிலைய அலுவலர் ஐயாதுரை முன்னால் உட்கார்ந்திருந்தார்.

கிணற்றைச் சுற்றி ஊரே நின்றது. பாதிப் பேர் கையில் செல்போன். யாரோ ஒருவர், "வேடிக்கை பார்க்கவா வந்திய?" என்று கத்தினார்.

இப்படிப்பட்ட கிணற்றில் மூச்சுக் கருவி மாட்டாமல் இறங்கக் கூடாது. பயிற்சியில் முதல் வாரமே சொல்லிக்கொடுப்பது அது. வண்டியில் இரண்டு கருவிகள் இருந்தன. இரண்டின் சிலிண்டரும் காலி. நிரப்பித் தரச் சொல்லிப் பலமுறை எழுதியாயிற்று. நிதி வந்ததும் பார்க்கலாம் என்று பதில் வந்தது. ஆனால் ஆண்டு ஆய்வின்போது எல்லாக் கருவியும் வேலை செய்வதாக ஐயாதுரை எழுதிக் கொடுத்திருந்தார். இல்லையென்று எழுதினால் யாருக்குத்தான் நல்ல பெயர் கிடைக்கும்?

ஜோயல் அன்றைக்கு மட்டும் தயங்கினான். குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"ஐயா, டீசல் பொக கடுமையா இருக்கு. தேருக்குப் போன வண்டிய வரச் சொல்லுவோம். அதுல ஒரு செட்டு நிரம்பி இருக்கு."

"அது தேர்க் கூட்டத்துல இருந்து எப்பம்லே வெளிய வரும்? ஊரே பாத்துட்டு நிக்கி. செத்த நேரந்தான், மூச்சப் புடிச்சிட்டு எறங்கு. கயித்தக் கட்டிட்டு ஏறிரு."

சுயம்புலிங்கம் பக்கத்திலேயே நின்றார். கயிற்றைப் பிடித்திருந்த தீயணைப்பாளர் விமலும் நின்றான்.

ஜோயல் இறங்கினான். மயங்கிக் கிடந்தவனின் கக்கத்தில் கயிற்றைக் கட்டி அசைத்தான். மேலே இழுத்தார்கள். கூட்டம் விசிலடித்தது. அந்த ஆள் பிழைத்துக்கொண்டான். கயிற்றைத் திரும்ப இறக்கியபோது பிடிக்க ஆள் இல்லை. ஜோயல் இடுப்பளவுத் தண்ணீரில் முகம் கவிழ்ந்து கிடந்தான். தேருக்குப் போன வண்டி வந்து, அதிலிருந்த கருவியை மாட்டிக்கொண்டு இறங்கித்தான் அவனை எடுக்க முடிந்தது.

அடக்கத்துக்குப் பெரிய அலுவலர்கள் வந்தார்கள். வரிசையாக நின்று மரியாதை செலுத்தினார்கள். மறுநாள் காலையில் சுயம்புலிங்கம் வாசித்தார்: "தீயணைப்பாளர் ஜோயல், பணியின்போது காலமானார்." அதற்கு மேல் அன்றைக்கு எதையும் வாசிக்கவில்லை. வரிசையும் கலையாமல் அப்படியே நின்றது.

சில வாரம் கழித்து ஒரு தாள் வந்தது. தீயணைப்பாளர் ஜோயல் மருத்துவத் தகுதிச் சான்று இன்னும் அனுப்பவில்லை, உடனே அனுப்பவும். யாரோ கவனிக்காமல் அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்து, ஜோயல் இறந்த விவரத்தைப் பணிவுடன் எழுதி அனுப்பினார் சுயம்புலிங்கம். அடுத்த மாதம் இரண்டாவது நினைவூட்டு வந்தது. அதற்கும் எழுதினார். மூன்றாவதில், சான்று வராவிட்டால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும் என்றிருந்தது. போனைப் போட்டுக் கேட்டார்.

"சார், செத்துப் போன பையனுக்கு எதுக்கு சார் மெடிக்கல்?"

எதிர்முனையில் இருந்தவர் சலித்துக்கொண்டார். "விசாரணை முடியாம பேர எடுக்க முடியாதுங்க. எப்படிச் செத்தார்னு முடிவாகணும். அதுவரைக்கும் எங்க கணக்குல அவர் டூட்டியிலதான் இருக்கார்."

எப்படிச் செத்தான் என்பதை ஐயாதுரை முடிவு செய்து வைத்திருந்தார். தட்டச்சு செய்யச் சொல்லி அறிக்கையைச் சுயம்புலிங்கத்திடமே கொடுத்தார். "மேற்படி பணியாளர் உத்தரவின்றி, தன்னிச்சையாக, பாதுகாப்புக் கருவி அணியாமல் கிணற்றில் இறங்கினார்." அந்த வரி வரைக்கும் அடித்துவிட்டு சுயம்புலிங்கம் கையை எடுத்துவிட்டார்.

"ஐயா, நீங்க எறங்கச் சொல்லித்தான எறங்குனான்?"

ஐயாதுரை எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கோபப்படவில்லை.

"உம்ம பேரு பேனல்ல இருக்கு சுயம்பு. அந்தக் கூட்டத்துல யாரு என்ன சொன்னா, யாருக்கு வே கேட்டுச்சு? அவன் எப்பவும் சொல்லாமலே எறங்குதவன்தான். ஊருக்கே தெரியும்."

அதுதான் சுயம்புலிங்கத்தை அறுத்தது. எத்தனையோ கிணற்றில் அவன் தானாகக் குதித்ததையே இந்த ஒரு கிணற்றுக்குச் சாட்சியாக்கப் பார்க்கிறார்கள்.

வீட்டில் சொன்னபோது முனீஸ்வரி சோற்றுக் கரண்டியைக் கையில் வைத்தபடியே நின்றாள். "நீங்க சொல்லி அந்தப் புள்ள எந்திரிச்சா வரப் போறான்? பேசாம இருங்க. நமக்கு இன்னும் எம்புட்டு வருசம் இருக்கு?"

அவர் அந்தத் தாளை மறுபடி தொடவில்லை. அறிக்கையை வேறு யாரோ அடித்து முடித்தார்கள்.

விசாரணை விருதுநகரில் நடந்தது. முதலில் விமலைக் கூப்பிட்டார்கள். கயிற்றைக் கவனித்துக்கொண்டிருந்ததால் யார் என்ன சொன்னார்கள் என்று காதில் விழவில்லை என்றான். வெளியே வந்தவன் சுயம்புலிங்கத்தின் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்விட்டான். அடுத்து சுயம்புலிங்கம் போனார். கேட்டதைக் கேட்டபடி சொன்னார். சிலிண்டர் காலியாக இருந்ததைச் சொன்னார். ஜோயல் தயங்கியதையும், "மூச்சப் புடிச்சிட்டு எறங்கு" என்று ஐயாதுரை சொன்னதையும் சொன்னார். விசாரித்த அலுவலர் எழுதிக்கொண்டார். திரும்பி வரும்போது பஸ் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, பல மாதங்களுக்குப் பிறகு கொஞ்சம் நன்றாக மூச்சு விடுவதுபோல இருந்தது அவருக்கு.

பத்து நாள் கூட ஆகியிருக்காது. ஜாஸ்மின் நிலையத்துக்கு வந்தாள். நன்றி சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்து எழுந்து போனார். அவள் வாசலிலேயே நின்றாள்.

"அண்ணே, ஒங்கள யாரு போய்ச் சொல்லச் சொன்னது?"

சுயம்புலிங்கத்துக்கு ஒன்றும் புரியவில்லை.

"வாரிசு வேலைக்கு என் ஃபைல் மேல போயிருந்துச்சு. ஐயாதுரை ஆபீசரு வீட்டுக்கே வந்து சொன்னாரு, விசாரணை சண்டையில்லாம முடிஞ்சா மூணு மாசத்துல வேல வந்துரும்னு. இப்பம் கேட்டா, சாட்சி மாறிப் போச்சு, மறுபடியும் மொதல்ல இருந்து விசாரிக்கணுங்காவ. ஃபைலத் திருப்பி அனுப்பிட்டாவ."

"அம்மா, அவன் மேல பழியப் போட்டு எழுதியிருந்தாவ. உத்தரவில்லாம எறங்குனான்னு..."

"எழுதிட்டுப் போறாவ! அவருக்கு இனிமே என்ன பேரு வேணும்? எனக்கு வீட்டு வாடகை குடுக்கணும். புள்ளைக்குப் பால் வாங்கணும். நீங்க உண்மையச் சொல்லிட்டு வீட்டுக்குப் போயி நல்லாத் தூங்குவிய. நான் எங்க போவேன்?"

வண்டி கழுவிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். உள்ளே ஐயாதுரையின் அறைக்கதவு திறந்தேதான் இருந்தது. அவர் வெளியே வரவில்லை. ஜாஸ்மின் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாலையைக் கடந்து போனாள். சுயம்புலிங்கத்துக்கு இருமல் வந்து, கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

அதற்குப் பிறகு வந்தவையெல்லாம் வரிசையாக வந்தன. முதலில் அவர் பெயருக்கு ஒரு மெமோ. நிலையப் பதிவுகளைக் கவனிக்கும் பொறுப்பில் இருந்தும், மூச்சுக் கருவிகள் பராமரிக்கப்படாததற்கு அவர் ஏன் பொறுப்பாக மாட்டார்? நிரப்பச் சொல்லி எழுதியவரே அவர்தான். அதை விளக்கமாக எழுதிக் கொடுத்தார். விளக்கம் பரிசீலனையில் இருப்பதாகச் சொல்லி, பேனலிலிருந்து பெயரை நிறுத்தி வைத்தார்கள்.

பிறகு ஒரு காலையில் இடமாற்றப் பட்டியல் வந்தது. வழக்கம்போல அவரே வாசித்தார். நிலைய அலுவலர் ஐயாதுரை, பதவி உயர்வில் உதவி மாவட்ட அலுவலர். தீயணைப்பாளர் விமல், சொந்த ஊருக்கு அருகில், விருப்பத்தின் பேரில். முன்னணித் தீயணைப்பாளர் சுயம்புலிங்கம், நீலகிரி மாவட்டம், நிர்வாக நலன் கருதி.

நெஞ்சு கெட்டவனைக் குளிருக்கு அனுப்புகிறார்கள் என்று வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரியும்.  "கலையலாம்" என்று அவரேதான் சொன்னார்.

மலையில் இரண்டரை வருடம் கிடந்தார். மார்கழியில் மூச்சு விடுவதே ஒரு வேலையாக இருந்தது. மருத்துவ விடுப்பு கேட்டால், தகுதியில்லாதவர் கட்டாய ஓய்வில் போகலாமே என்றார்கள். முனீஸ்வரி ஊரிலிருந்து போனில் அழுவாள். "சொன்னேனே" என்று மட்டும் ஒருநாளும் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால்கூட அவருக்குப் பரவாயில்லை. அந்த மலை நிலையத்தில் வேறு யாரோ ஒருவர், பத்துப் பெயர்களுக்கு நடுவே, அவர் ஓய்வு பெறுவதை வாசித்தார். தோளில் அதே பழைய பட்டையோடு இறங்கி வந்தார்.

வந்து சில மாதம் கழித்து, ராஜபாளையத்தில் மாத்திரை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றபோது ஜாஸ்மினைப் பார்த்தார். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. அவர் பார்க்காததுபோல நகர்ந்தார். அவளே பக்கத்தில் வந்தாள்.

"நல்லாருக்கியளாண்ணே?"

"இருக்கேம்மா. வேல கெடச்சிருச்சா?"

"கெடச்சிருச்சு. ஒரு வருசம் ஆகப் போவுது."

"நல்லது. நல்லதும்மா." அவர் நிஜமாகவே சொன்னார். "மக படிக்காளா?"

"யூகேஜி போறா." பஸ் வருகிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு நெருங்கி நின்றாள். "அவரு தானா எறங்கலண்ணே. எங்கிட்ட எப்பவும் சொல்லுவாரு, செட்டு காலியாக் கெடக்கு, டீசல் கெணறு வந்தா நான் எறங்க மாட்டேன்னு. எனக்குத் தெரியும். ஆனா தானாத்தான் எறங்குனாரு, எனக்கு யாரு மேலயும் புகார் இல்லைன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். அதுக்குப் பொறவுதான் இந்த வேல வந்துச்சு."

சுயம்புலிங்கம் கையிலிருந்த மருந்துப் பையைச் சுருட்டினார், பிரித்தார். அவளைக் குற்றம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. சொல்லாமலிருக்கவும் நெஞ்சு ஒப்பவில்லை. கடைசியில், "சரிம்மா" என்றார்.

"ஒங்க மெமோ ரத்தாயிருச்சா?"

"இல்ல. நிலுவையிலதான் இருக்கு."

 அதற்குள் அவளுடைய பஸ் வந்துவிட்டது. ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். அவருடைய பஸ் பிறகு வந்தது. ஸ்பின்னிங் மில் ஷிப்ட் விட்ட நேரம், உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, இருமி இருமி, சேத்தூர் வரைக்கும் நின்றுகொண்டே போனார்.