முதல் அடியில் வெடிக்காத தோட்டா

எதிர்வீட்டில் யாரோ பட்டாசு வெடித்தார்கள். அந்த வாசம் ஜன்னல் வழியே வந்ததும், கலியாணமான புதிதில் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் குவாட்டர்ஸுக்குப் பின்னால் நான் கோவா, அதாவது முட்டைக்கோஸ், போட்ட பாத்திதான் நினைவுக்கு வந்தது.

சீமைக்குத் திரும்பிய துரை ஒருவரிடம் என் கணவர் வாங்கிய பாயிண்ட் டூ டூ ரைபிள் வீட்டில் இருந்தது. அவர் டீமேக்கர், கொழுந்தைத் தூளாக்கும் பொறுப்பு அவருடையது; இருட்டோடு பேக்டரிக்குப் போய்விடுவார். கோவாவைத் தின்ன முயல்கள் வருவதோ விடிந்த பிறகு. அப்புறம் யார் சுடுவதாம்? ஒரு நாள் நானே ஒன்றைச் சுட்டுக் குழம்பு வைத்துவிட்டேன்.

"துப்பாக்கிய எடுத்தியா?" என்றார் வீடு திரும்பிய கணவர், சட்டியைப் பார்த்து.

"கோவாவ அது தின்னுச்சு. அத நாம திங்கலாம், உக்காருங்க."

அட்டன் டவுனில் முஸ்லிம் நானாவின் கடையில் வாங்கும் அந்தத் தோட்டா சுண்டுவிரலில் பாதிதான் இருக்கும். பின்பக்க விளிம்பில் ஊசி அடித்தால்தான் வெடிக்கும். விளிம்பில் மருந்து ஓடாத இடத்தில் பட்டால் வெறும் 'டிக்'. என் சமையலும் அப்போது அப்படித்தான்; சில நாள் பற்றும், சில நாள் பற்றாது.

அந்த வருஷம் தோட்டத்து விளையாட்டு விழாவில் குறிபார்த்துச் சுடும் போட்டி வைத்தார்கள். பெயர் கொடுத்திருந்த என் கணவருக்கு முந்தின நாள் அடுப்பில் கை வெந்துவிட்டது. "டீமேக்கர் இல்லே, கப் நமக்கு!" என்று போட்டியில் நின்ற உதவி மானேஜர் சின்னத்துரை சிரித்தார். இவருக்குப் பொறுக்கவில்லை.

"என் சம்சாரம் சுடுவாங்க, சார்."

மைதானமே திரும்பிப் பார்த்தது. நான் முந்தானையைச் செருகிக்கொண்டு போனேன். சவுக்கு மரத்தில் தொங்கிய தகர மூடிகளை நானும் சின்னத்துரையும் மாறி மாறி அடித்தோம். கடைசி மூடியைச் சின்னத்துரை தவறவிட்டார். என் முறை. விசையை இழுத்தேன். 'டிக்.'

"முடிஞ்சிருச்சு!" என்றார் சின்னத்துரை.

நான் துப்பாக்கியை இறக்கவில்லை. சில தோட்டா தாமதித்து வெடிக்கும். குழல் வாயை மரத்துக்கு நேராகவே வைத்துக் காத்திருந்தேன். பிறகு தோட்டாவை எடுத்து, விளிம்பைத் திருப்பிப் போட்டுச் சுட்டேன். தகரம் சுழன்று விழுந்தது.

தோட்டத்து மானேஜர் பெரியதுரை கப்பை என் கணவரிடம் நீட்டினார். அவர் கட்டுப்போட்ட கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"சுட்டது நான் இல்லீங்களே."

சின்னத்துரைதான் முதலில் கை தட்டினார். நல்ல மனுஷன்.

பிற்காலத்தில் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொன்னார்கள். பொலிஸில் கொடுத்தோம், திரும்பி வரவில்லை. துரைமார் போனார்கள். இவரும் போய்விட்டார். அன்று மைதானத்தில் நின்றவர்களில், நான் சுட்டதைப் பார்த்தேன் என்று சொல்ல இன்று ஒருவரும் இல்லை. நீங்கள் என் வார்த்தையைத்தான் நம்பவேண்டும்.