அரிசியின் மேல் போட்ட சிலுவை

என் மனைவி ஆண்டவருக்கென்று எடுத்து வைத்த அரிசியை நான் திருடினேன். யுத்தகாலத்தில், ஏறக்குறைய ஒரு மாதம், காலைதோறும் திருடினேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்லும் வயதை நான் கடந்துவிட்டேன். அரிசி இருந்த பானை இன்றும் எங்கள் அடுக்களை மூலையில் இருக்கிறது. வாய் ஓரம் சில்லு தெறித்த கறுப்பு மண்பானை. அதன் பலகை மூடி காலப்போக்கில் வளைந்துபோய், ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழும்பும். ஒவ்வொரு நாளும் அந்த மூடியைத் திறக்கும்போது, சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். இன்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பிடியரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலையில் போட அரிசி அளந்ததும், அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து வேறொரு பானையில் போட்டுவிடுவார்கள். மாதம் ஒருமுறை அதைக் கோயிலில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். சபை ஊழியரான உபதேசியார் வீட்டுக்கும் ஆதரவற்ற கைம்பெண்களுக்கும் அது போகும். சமைத்து மீந்ததைக் கொடுப்பது அல்ல இது. சமைக்கும் முன்பே எடுத்துவிடுவது. என் மனைவி விடியற்காலையில் முகம் கழுவியதும் செய்யும் முதல் வேலை இதுதான். பிடியைப் போட்டு, உள்ளங்கையால் மேலே நிரவி, ஆள்காட்டி விரலால் ஒரு சிறு சிலுவை கீறுவாள். “மொதல்ல இது, பின்னே மத்தது” என்பாள். பிள்ளைகளிடம் சொல்கிறாளா, அரிசியிடம் சொல்கிறாளா என்று தெரியாது. சிலுவை கீறிவிட்டால் அது நம்முடைய அரிசி இல்லை என்பது அவள் கணக்கு. அதன் பிறகு அவள் அந்தப் பானையைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

அவளிடம் ஒரு நிதானம் இருந்தது. வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு வேலையும் நின்றதில்லை. நகரத்தில், பாளையம் பகுதிக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் மழை பெய்தால் இரண்டு இடத்தில் ஒழுகும். சொட்டும் இடத்தில் ஏனப் பாத்திரத்தை வைத்துவிட்டு அவள் ஜெபத்துக்கு உட்கார்ந்துவிடுவாள். எனக்கோ சொட்டும் சத்தம்தான் கேட்கும். நான் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. சூப்பிரண்டுக்கு அடுத்த நாற்காலி விரைவில் காலியாகும் என்று பேச்சு இருந்தது. அதற்காகக் காலைதோறும் அவருடைய பங்களாவுக்குப் போய் வாசலில் நிற்பேன். பிறகு இரண்டு வீடுகளில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பாடம், பிறகு கச்சேரி. குடும்ப ஜெபத்தில் ஒரு கை வேதத்தையும் மறு கை கடிகாரத்தையும் பிடித்திருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வேதபாடம் வாசிப்பது நான்தான். குரல் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கும் அந்த எண்ணம் உண்டு.

நான் யாருடைய மகன் என்பதையும் சொல்ல வேண்டும். நாஞ்சில் நாட்டில் ஒரு சிற்றூர் உபதேசியாரின் மகன் நான். பிடியரிசியில் வளர்ந்தவன். பல வீட்டு அரிசி ஒன்றாய்க் கலந்து வரும்: சிவப்பும் வெள்ளையும், பழையதும் புதியதும். ஒரே உலையில் போட்டால் பாதி குழைந்துவிடும், பாதி வேகாமல் பல்லில் கடிபடும். பானை இலேசாக வந்த மாதங்களில் என் அம்மா கஞ்சியில் தண்ணீரைக் கூட்டுவாள். இனி ஒருநாளும் அந்தக் கலப்புச் சோற்றைத் தின்பதில்லை என்று சிறுவயதிலேயே உறுதி செய்துகொண்டேன். படித்தேன், உத்தியோகம் வாங்கினேன். இலேசான பானை ஒரு வீட்டில் என்ன செய்யும் என்று அறிந்த நானே அதை இலேசாக்கினேன்.

யுத்தத்தில் பர்மா அரிசி நின்றது. ரேஷன் கடையில் வரிசை வளர்ந்தது. சாலைக் கடைத்தெருவில் பழக்கமான வியாபாரிகளும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் நெல் கொண்டுவருவதற்கும் தடை வந்தது. இரவு எங்கள் வீட்டிலும் மரச்சீனி என்னும் மரவள்ளிக் கிழங்குதான். என் பழைய பயம் எழுந்து உட்கார்ந்துகொண்டது. அரிசிப் பெட்டியை நாளுக்கு எத்தனை தடவை திறந்து பார்ப்பேன் என்று எனக்கே தெரியாது. அவளோ வழக்கம்போல ஒரு பிடி எடுத்துப் பானையில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் பொறுக்காமல், யுத்தம் முடியும்வரை இதை நிறுத்து, முடிந்ததும் சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்று சொன்னேன்.

அவள் கையிலிருந்த அரிசியைப் போட்டு முடித்துவிட்டு நிமிர்ந்தாள். “யுத்தம் முடிஞ்ச பெறகு சேத்துத் தின்னுங்கன்னு பிள்ளைகள்ட்ட சொல்லுவியளா?”

 அந்தக் கேள்வி கிளப்பிய கோபத்தில்தான் அந்தக் காரியத்தைச் செய்யத் தொடங்கினேன் என்று நினைக்கிறேன். பிடி போட்டதும் அவள் அரிசி களையக் கிணற்றடிக்குப் போவாள். அந்த நேரத்தில் பலகை மூடியைத் தூக்கி, அவள் போட்டதில் பாதியை அள்ளி அரிசிப் பெட்டியில் திரும்பக் கொட்டினேன். குனிந்து பார்த்தால் சிலுவை கலைந்து கிடந்தது. ஒரு கணம் யோசித்தேன். பிறகு உள்ளங்கையால் நிரவி, என் விரலால் ஒரு சிலுவை கீறினேன். முதல் நாள் விரல் நடுங்கியது. இரண்டாம் நாள் நடுங்கவில்லை. என் வாழ்க்கையில் எனக்கு மிகவும் வெட்கம் தருவது அந்த இரண்டாம் நாள்தான்.

அந்த மாதம் அவள் என்னிடம் வழக்கத்தைவிடப் பிரியமாக இருந்தாள். கிழங்கோடு எனக்கு மட்டும் காந்தாரி மிளகாய் அரைத்து வைப்பாள். வேலை செய்யும்போது மெல்லிய குரலில் பாடிக்கொண்டிருப்பாள். நிறுத்தச் சொன்னதற்குக் கோபித்துக்கொள்ளாமல் இப்படி இருக்கிறாளே என்று எனக்கு வியப்பு. யுத்தக் கஷ்டம் அவளுக்கும் புரிந்துவிட்டது என்று முடிவு செய்துகொண்டேன்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை கோயிலின் பக்கவாட்டு வராந்தாவில் பெண்கள் கூடி அரிசி அளப்பார்கள். நாழி பிடித்து அளப்பவள் என் மனைவி. பெண்கள் சங்கம் அவளுக்குக் கொடுத்த பொறுப்பு அது. பேச்சிலும் பாட்டிலும் முன்னே வராதவள், அந்த நாழியை மட்டும் ஆசையாகப் பிடிப்பாள். அன்று நான் சபைக் கமிட்டி வேலையாக உள்ளறையில் இருந்தேன். எல்லார் அரிசியையும் அளந்துவிட்டுக் கடைசியில் எங்கள் பானையைக் கவிழ்த்தாள். நாழியில் அரிசி விழும் சத்தம் சீக்கிரம் நின்றுவிட்டது. அவ்வளவுதானா என்று யாரோ கேட்டார்கள். மிஷன் ஆஸ்பத்திரியில் வெகுகாலம் வேலை பார்த்து ஓய்ந்த நர்ஸம்மா ஒருத்தி அங்கே எல்லோருக்கும் மூத்தவள். அவள் நாக்குக்குப் போதகரே பயப்படுவார்.

“நாழி பிடிக்கிறவ கையில அரிசி ஒட்டிக்கிடும் போலிருக்கே” என்றாள்.

வேடிக்கையாகத்தான் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். எழுந்துபோய் உண்மையைச் சொல்ல எனக்குப் பத்தடி தூரம்கூட இல்லை. கையில் இருந்த பேனாவை மையில் தோய்த்தேன். என் மனைவி நாழியை நர்ஸம்மா மடியில் வைத்துவிட்டு, காலிப் பானையை எடுத்துக்கொண்டு படியிறங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவள் முன்னே நடந்தாள், நான் பின்னே குடையோடு. பாதி வழியில், எலியாக இருக்கும், அடுக்களையில் பொறி வைக்க வேண்டும் என்றேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. “எலி சிலுவை போடுமா?”

கொஞ்ச தூரம் போனதும் அவளே மறுபடி பேசினாள். “காலையில பானையைத் தொறந்தா, சிலுவை எனக்க வெரல் மாதிரி இல்ல. தடியா இருந்துது. நீங்க மனசு மாறி, எனக்குத் தெரியாம ஒரு பிடி கூடப் போடுதியன்னு நெனச்சேன். கேட்டா நிறுத்திருவியன்னு கேக்காம இருந்தேன். சந்தோஷமாட்டு இருந்தேன்.”

வீட்டுக்கு வந்ததும் அவள் காலிப் பானையை அடுக்களை மூலையில் அதன் இடத்தில் வைத்தாள்.  சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன். மறுநாள் காலையும் அவள் பிடி போட்டாள், சிலுவை கீறினாள், கிணற்றடிக்குப் போனாள். பானையை மறைத்து வைக்கவில்லை. பாட்டு மட்டும் நின்றுவிட்டது. நான் பானையைத் தொடவில்லை. தொடாமலிருப்பதால் ஒன்றும் சரியாகிவிடவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிக்க, தொண்டை சரியில்லை என்று போதகரிடம் பொய் சொன்னேன். அடுத்த வாரமும் சொன்னேன். நாழியை இனி நர்ஸம்மாவே பிடிக்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன்.

அப்போதுதான் கச்சேரியில் அந்த நாற்காலி காலியாயிற்று. சூப்பிரண்டு என்னைக் கூப்பிட்டு, பெரிய துரை சனிக்கிழமை காலை என் பங்களாவுக்கு வருகிறார், நீயும் வந்து முகத்தைக் காட்டு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அது முதல் சனிக்கிழமை. அரிசி அளக்கும் நாள். சனிக்கிழமை காலை கோட்டு, தலைப்பாகை எல்லாம் அணிந்து புறப்பட்டேன். பங்களாவுக்கும் கோயிலுக்கும் பாதை பிரியும் இடத்தில் ஒரு மாமரம் உண்டு. அதன் கீழே வெகுநேரம் நின்றேன். எனக்கு ஒரு தரிசனமும் கிடைக்கவில்லை. மொதல்ல இது, பின்னே மத்தது என்று அவள் குரல்தான் மனதில் கேட்டது. கோயில் பக்கம் திரும்பினேன்.

பெண்கள் அளக்கும் வராந்தாவுக்கு ஆண்கள் போவதில்லை. கோட்டோடும் தலைப்பாகையோடும் படியடியில் என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. என் மனைவி ஓரத்தில் தூணருகே உட்கார்ந்திருந்தாள். போன மாதம் எங்கள் பானை குறைந்ததற்கு அவள் காரணமில்லை, நான்தான் எடுத்தேன், எடுத்துவிட்டு மேலே சிலுவையும் போட்டேன் என்று சொன்னேன். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியவில்லை.

நர்ஸம்மாதான் முதலில் வாய் திறந்தாள். “கச்சேரிக்காரங்களுக்குக் கை நீளம்னு கேட்டிருக்கேன் ஐயா. சொந்த வீட்டுப் பானை வரைக்கும் நீளும்னு தெரியாமப் போச்சே.”

வராந்தா முழுவதும் சிரிப்பு. நான் தலை குனிந்து நின்றேன். நிமிர்ந்தபோது, என் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதைக் கண்டேன். ஒரு மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. நர்ஸம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய், நாழியை என் மனைவியின் மடியில் வைத்தாள். “பிடி மோளே. அண்ணைக்கு நான் ஒரு வார்த்தை கூடப் பேசிட்டேன்” என்றாள்.

அன்று அளந்த அரிசியில் உபதேசியார் வீட்டுப் பங்கை நானே சுமந்துகொண்டு போனேன். சாப்பிடாமல் அவர்கள் என்னைப் போக விடவில்லை. பாதி குழைந்து, பாதி பல்லில் கடிபட்ட அந்தச் சோற்றை இலையில் ஒரு பருக்கை விடாமல் தின்றேன். என் அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது.

மறுநாள் விடியற்காலையில் மனைவி என்னை எழுப்பினாள். கை கழுவிவிட்டு அடுக்களைக்கு வரச் சொன்னாள். அளந்த அரிசியை என் முன்னே நீட்டினாள்.

“இனிமே நீங்க போடுங்க. உங்க கைதான் பெருசு.”

ஒரு பிடி அள்ளிப் போட்டேன். சிலுவை அவள் கீறட்டும் என்று விலகினேன்.

“அதையும் நீங்களே போடுங்க. அதுலதான் நல்ல பழக்கம் இருக்கே” என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். போகும்போது பாட்டு கேட்டது.

நாற்காலி எனக்குப் பின்னால் சேர்ந்த ஒருவருக்குப் போயிற்று. நான் ஓய்வு பெறும்வரை பழைய இடத்திலேயே இருந்தேன். அதில் எனக்கு வருத்தம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் காலைகள் எனக்குத் திரும்பக் கிடைத்தன. பங்களா வாசலில் நிற்கும் வேலை போயிற்று. ஒரு பிடி அரிசி, பிறகு ஜெபம், பிறகு கஞ்சி, பிறகுதான் கச்சேரி. ஜெபத்தின்போது கடிகாரம் என் கையில் இல்லாமல் சுவர் ஆணியில் தொங்கியது. அரிசி அதன் பிறகும் வெகுகாலம் தட்டுப்பாடாகவே இருந்தது. பயமும் இருந்தது. ஆனால் காலையில் கண் விழித்ததும் முதலில் வருவது பயமாக இல்லை. அது தன் முறை வரும்வரை பின்னால் நின்றது. சில நாட்கள் வராமலேயும் இருந்துவிட்டது. உள்ளே இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று அவிழ்ந்துவிட்டதை நான் உணர்ந்தேன். தொண்டையும் சரியாயிற்று, மறுபடி வேதபாடம் வாசித்தேன். குரல் நன்றாக இருந்ததா என்று கவனிக்க மறந்துவிட்டேன்.

இப்போது அவள் இல்லை. கோயிலில் பிடியரிசி வாங்குவதும் நின்றுவிட்டது. காணிக்கையைக் கவரில் போட்டுக் கொடுக்கிறார்கள். மருமகள் அரிசி அளக்கும்போது நான் பக்கத்தில் போய் நிற்பேன். ஒன்றும் கேட்காமல் நீட்டுவாள். பானை நிறைந்ததும் கைம்பெண்கள் இல்லத்துக்குப் பேரன் எடுத்துப் போகிறான். வயதில் என் கை சுருங்கிவிட்டது. ஒரு பிடி போட்டபின், குறைந்துவிட்டதோ என்று இன்னும் பாதிப் பிடி போடுகிறேன். பிறகு நிரவி, சிலுவை கீறுகிறேன். விரலும் மெலிந்துவிட்டது. கோடு இப்போது ஒல்லியாக விழுகிறது, ஏறக்குறைய அவள் போட்டதுபோல.