பொம்மைக்கு எத்தனை மூட்டு

போன ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். தங்கை மகள் ஒரு பொம்மையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். விரல் நீளம்தான் இருக்கும். தோள், முழங்கை, இடுப்பு, முட்டி என்று எங்கெல்லாமோ மடங்குகிற பிளாஸ்டிக் வீரன். பத்து வயதுக்காரி அதிலும் ஒரு குறை கண்டுபிடித்திருந்தாள்.

"முட்டி பாதிதான் மடங்குது பெரியம்மா. குந்த வெச்சா விழுந்துடுது. இன்னொரு ஜாயிண்ட் குடுத்திருக்கணும். நீங்க பொம்மை கம்பெனில இருந்தீங்கதானே, சொல்லுங்க."

போனில் பொம்மை சேர்க்கிற பெரியவர்களே இதற்காக எழுதி எழுதி அடித்துக்கொள்கிறார்களாம். மூட்டு அதிகம் வேண்டும் என்று ஒரு கட்சி, அதிகமானால் லொடலொடத்துப் போகும் என்று ஒரு கட்சி. நாட்டில் வேறு கவலையே இல்லை போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே பொம்மையை மூக்கருகே கொண்டுபோனேன். புதுப் பிளாஸ்டிக் வாசனை அடித்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

ஒரு காலத்தில் நான் அந்த வாசனையோடுதான் வீட்டுக்கு வருவேன். டிப்ளமா முடித்த கையோடு, ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில் ஒரு சின்னப் பொம்மைக் கம்பெனியில் வேலை கிடைத்தது. 'குவாலிட்டி' என்று பெயர் பெரிதாக இருக்கும். செய்வது என்னவோ, பொம்மைகளின் கையையும் காலையும் நாளெல்லாம் மடக்கி மடக்கி எது கழன்று வருகிறது என்று பார்ப்பது. பஸ்ஸில் தூங்கும்போதுகூட என் கட்டைவிரல் மடக்கிக்கொண்டே இருக்கும் என்று கூட வருகிறவள் கேலி செய்வாள். வீட்டில் எல்லார்மேலும் பட்டு நூல் வாசனை, என்மேல் மட்டும் பிளாஸ்டிக். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் தெருவில் பாதி வீட்டில் அப்படித்தான். கூடத்தின் பெரும்பகுதியைத் தறி அடைத்துக்கொண்டிருக்கும். குழித்தறி. தரையில் தோண்டிய பள்ளத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதிக்க வேண்டும். நான் எழுவதற்கு முன்பே நைனா அதில் உட்கார்ந்திருப்பார். சாப்பாடும் அங்கேயேதான். பட்டின்மேல் ஒரு பருக்கை விழுந்தால் குடி முழுகிப்போகும் என்பதால் பக்கவாட்டில் திரும்பி, தட்டைத் தள்ளி வைத்துக்கொண்டு சாப்பிடுவார். "இந்த மனுஷனுக்குத் தறிய உட்டு எழுந்துக்க மனசே வராது" என்று அம்மா புலம்புவாள்.

எழுந்திருப்பதற்கு முன்னால் மட்டும் "தண்ணி கொண்டாமா" என்பார். நான் உள்ளே போய்ச் சொம்போடு திரும்பினால் எழுந்து நின்றுகொண்டிருப்பார். ஒரு வாய் குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பித் தந்துவிடுவார். ஒரு வாய்த் தண்ணீருக்கு ஒரு ஆளை வேலை வாங்குகிறாரே என்று எனக்குக் கடுப்பாக வரும். கோயிலிலும் விழுந்து கும்பிட மாட்டார், கையைத் தலைக்குமேல் தூக்குவதோடு சரி. ஏகாம்பரநாதரிடமே கஞ்சத்தனமா என்று கேட்டிருக்கிறேன். அதற்கும் சிரிப்பார்.

அந்த வருஷம் கம்பெனியில் நவராத்திரிக்குப் புதிதாக ஒரு கொலு செட் போட யோசித்தார்கள். கல்யாண செட்டும் கிரிக்கெட் செட்டும் எல்லாரிடமும் இருக்கிறது, நெசவாளர் செட் போடலாம் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். தறி, தறியில் ஒரு நெசவாளர், பக்கத்தில் ராட்டையோடு மனைவி. எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகாத நேரம், இது நன்றாக அமைந்தால் ஆகிவிடும். முதலாளிக்கும் பிடித்துவிட்டது. சண்டை வந்தது மூட்டில்தான். "கொலு முடிஞ்சா பெட்டிக்குள்ள போயிடும். முட்டி மடங்குற மாதிரி செஞ்சா பிள்ளைங்க வருஷம் முழுக்க வெளையாடும்" என்றார் முதலாளி. மூட்டுக்கு மூட்டு அச்சுச் செலவு ஏறும், உட்கார்ந்த பொம்மையாகவே வார்த்துவிடலாம் என்றார் டிசைன் பார்ப்பவர். கடைசியில், ஒரு நெசவாளரை நேரில் பார்த்து முடிவு செய்யலாம் என்று எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

அவர்கள் வருவதற்கு முன் நான் செய்த கூத்தைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். கொடியில் கிடந்த துணியை எல்லாம் உருவி மறைத்தேன். பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலியும் கண்ணாடி டம்ளரும் வந்தன. நைனாவைச் சட்டை போட்டுக்கொள்ளச் சொன்னேன். "சட்ட போட்டுக்கினு யாருமா நெய்வாங்க" என்றார். ஆனாலும் போட்டுக்கொண்டார்.

முதலாளியும் டிசைன்காரரும் காமிராவோடு வந்தார்கள். நைனா நெய்து காட்டினார், படம் எடுத்தார்கள். பிறகு டிசைன்காரர், "கொஞ்சம் எழுந்து வந்து தரையில உட்கார்ந்து காட்டுங்க. கால் எப்படி மடங்குதுன்னு பாக்கணும்" என்றார்.

"இருக்கட்டும் சார். இன்னும் கொஞ்சம் நெய்யறேன், அத்த எடுத்துக்கங்க."

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நைனா என் பக்கம் திரும்பி, "தண்ணி கொண்டாமா" என்றார்.

"அப்புறம் தரேன். மொதல்ல எழுந்திருங்க அப்பா" என்றேன். வந்தவர்கள் முன்னால் நைனா என்று கூப்பிட வாய் வரவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்பதுபோல் அவர் ஒரு கணம் பார்த்தார்.

தறிக்குமேல் இருக்கும், சேலையில் பூ விழவைக்கிற ஜக்கார்டுப் பெட்டியிலிருந்து இறங்குகிற நூல்களுக்குப் பக்கத்தில் ஒரு தடித்த கயிறு தொங்கும். பிடித்துப் பிடித்துக் கறுத்துப்போன கயிறு. நெசவு வீட்டில் பிறந்து வளர்ந்த நான் அதைத் தறியின் ஒரு பாகம் என்றே நினைத்திருந்தேன். நைனா இரண்டு கையாலும் அதைப் பிடித்துத் தன் உடம்பை மேலே இழுத்தார். குழிக்குள் தொங்குகிற அளவுக்குத்தான் முட்டி மடங்கியது, அதற்குமேல் மடங்கவில்லை. ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் காலை ஒவ்வொன்றாகத் தூக்கி மேலே வைத்தார். எழுந்து நின்றவர் தரையில் உட்காரப் போய், பாதியில் முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். காமிரா விடாமல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. நான் ஓடிப்போய்த் தாங்கியிருக்க வேண்டும். கையில் பிஸ்கட் தட்டு இருந்தது, அதைப் பிடித்தபடியே நின்றேன்.

டிசைன்காரர் கெட்டவர் இல்லை. அவர் கண்ணுக்குப் பொம்மைதான் தெரிந்தது. "பாத்தீங்களா சார், இவருக்கே முட்டி அவ்வளவுதான் மடங்குது. பொம்மைக்கு எதுக்கு மூட்டு?" என்றார். முதலாளி தலையாட்டினார். முடிவாகிவிட்டது. போகும்போது நல்ல யோசனை என்று என்னைப் பாராட்டிவிட்டுப் போனார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. முதலில் வீட்டை நினைத்து வெட்கப்பட்டேன், அடுத்து நைனாவின் முட்டியை நினைத்து, அதற்கெல்லாம் பிறகுதான் என்னை நினைத்து. வரிசை அப்படித்தான் இருந்தது. மாற்றிச் சொன்னால் பொய்யாகிவிடும்.

அம்மாவிடம் உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். "தெரியாம இன்னா. பொண்ணுங்களுக்குத் தெரிஞ்சா தறியில உட்காரவே உட மாட்டாங்க, சின்னவ படிப்பு முடியட்டும், சொல்லாதன்னாரு" என்றாள். அவள் புலம்பல் முழுக்க அவருக்குப் போட்ட திரை என்று அப்போதுதான் உறைத்தது.

வேலை நிரந்தரமாயிற்று. செட் வந்ததும் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நைனா பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் செஞ்சிருக்குறாங்க. கயிறு மட்டும் உட்டுட்டாங்கமா" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு அவர் தண்ணீர் கேட்கும்போதெல்லாம் உள்ளே போய், அவர் எழுந்து நிற்கிற சத்தம் கேட்கும்வரை குடத்தடியிலேயே நின்றுகொண்டிருப்பேன்.

நைனா இப்போது இல்லை. குழியை மூடி டைல்ஸ் போட்டாயிற்று. தறியைப் பிரித்து வாங்கிப்போனவர்கள் அந்தக் கயிற்றையும் சேர்த்து எடுத்துப்போனார்கள். அவர்களும் தறியின் பாகம் என்று நினைத்திருப்பார்கள்.

"சொல்லுங்க பெரியம்மா" என்று தங்கை மகள் உலுக்கினாள்.

"இன்னொரு மூட்டு வெச்சிருக்கலாம்மா" என்றேன். பூண்டு உரித்து முடிந்துவிட்டது, எழுந்திருக்க வேண்டும். இந்த இரண்டு வருஷமாக எனக்கும் முட்டி சொன்னபடி கேட்பதில்லை. கையை ஊன்றிப் புரண்டு, கட்டில் காலைப் பிடித்து எழுந்திருப்பதை அவள் பார்க்க வேண்டாம் என்று இருந்தது.

"கொஞ்சம் தண்ணி கொண்டாமா" என்றேன்.

"பக்கத்துலயே பாட்டில் இருக்குது பாருங்க" என்றாள்.

இருந்தது. மூடியைத் திருகி ஒரு வாய் குடித்தேன். இந்த வீட்டில் இப்போது யாரும் தண்ணீருக்காக உள்ளே எழுந்து போவதில்லை. அவள் என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.