என் பெயர் இருந்த வரி

எண்பதுகளின் கடைசியில் தர்மபுரியில் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு யூனிக்ஸ் கம்ப்யூட்டர் வந்தது. டெலிபோன் லைன் வழியாகச் சென்னைத் தலைமையகத்திலிருந்து அதற்கு மெயில் வரும். அலுவலகம் முழுமைக்கும் ஒரே லாகின். பாஸ்வேர்டைத் திரைக்கு மேலேயே எழுதி ஒட்டியிருந்தோம். யாருக்கு வந்ததையும் யாரும் படிக்கலாம். என் மாற்றல் மனு என்னாயிற்று என்று டீ கொண்டுவருபவர்கூட விசாரிப்பார்.

மனைவி கைக்குழந்தையோடு சென்னையில் வேலையில் இருந்தாள். எனக்கு மாற்றல் கிடைக்காவிட்டால் அவள் வேலையை விட்டுவிட்டு வரவேண்டியதுதான்.

பக்கத்து மேசை இண்டூர்க்காரர், என்னைவிட மூத்தவர், ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினார். மெயில் புரோகிராம் எதை எங்கே போடவேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கிற கட்டளைகள். பெயரின் முதலெழுத்தைத் தட்டினால் அவரவர் மெயில் மட்டும் வரும். எல்லோரும் அவரைக் கொண்டாடினார்கள். எனக்கு உறுத்தியது. சோழியன் குடுமி சும்மா ஆடுமா? ஸ்கிரிப்ட் வந்த பிறகு எனக்கு சர்க்குலர் வந்தது, லீவு விவரம் வந்தது, மாற்றல் பற்றி மட்டும் மூச்சில்லை. நாங்கள் இருவரும்தான் அந்த மெஷினைப் பார்த்துக்கொண்டோம்; நான் போய்விட்டால் அது முழுக்க அவர் தலையில் விழும். வேறென்ன காரணம் வேண்டும்?

அவர் சாப்பிடப் போன நேரத்தில் ஸ்கிரிப்டைத் திறந்து படித்தேன். ஒரு வரியில் என் பெயர் இருந்தது. என் பெயரும் டிரான்ஸ்ஃபர் என்ற சொல்லும் சேர்ந்து வந்தால், அந்த மெயில் அவருடைய ஃபைலுக்குப் போகும்.

திரும்பி வந்தவரிடம், "இது என்னங்கண்ணா?" என்றேன்.

திரையைப் பார்த்துவிட்டு மெல்ல உட்கார்ந்தார். "அந்த ஃபைலையும் தொறந்து பாருங்க தம்பி."

உள்ளே சில மெயில்கள். எல்லாமே மறுப்பு. ஒவ்வொன்றின் கீழும், மறுபடி பரிசீலிக்கும்படி எனக்காக அவர் கெஞ்சி அனுப்பிய பதில்.

"சொன்னா ஒடஞ்சி போயிருவீங்க. சரின்னு ஒண்ணு வரட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்னு இருந்தனுங்க."

நன்றி வரவில்லை, கோபம்தான் வந்தது. "என்னை நம்பி ஒருத்தி அங்க காத்துக் கெடக்கறா. அத மறைக்க நீங்க யாருங்க?" என்று கத்தினேன். அவர் அந்த வரியை அழித்தார்.

அடுத்த மறுப்பு நேராக எனக்கே வந்தது. முழுவதும் படித்தேன்.

"ஏதாச்சும் வந்துச்சுங்களா?" என்றார்.

"இல்லீங்கண்ணா."

சாயங்காலம் டெலிபோனில் மனைவியும் அதையே கேட்டாள். "இன்னும் ஒண்ணும் வரல" என்றேன்.