பறி நழுவிய நாள்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட நான் இப்படிப் பரபரத்ததில்லை. அன்று வந்தவர்கள் என்னை மட்டும்தான் பார்த்தார்கள். இந்த முறை சென்னையிலிருந்து ஒரு போதகர் ஐயாவும் அவர் மனைவியும் என்னையும் என் வீட்டுக்காரரையும் சேர்த்துப் பார்க்க வந்தார்கள். பழவேற்காடு ஏரிக்கரையில், எங்கள் ஊரிலேயே ஒரு சபை ஆரம்பிக்க நாங்கள் தகுதியானவர்கள்தானா என்று ஒரு நாள் முழுக்க எங்களோடு இருந்து பார்த்துச் சொல்லப்போகிறார்கள். சரி என்றால் வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையிலேயே ஆராதனை நடக்கும். இல்லை என்றால் பழையபடி ஞாயிறுதோறும் ஆரம்பாக்கம் போகவேண்டும். ஏரியில் இறால் பிடித்துவிட்டு ஈரச்சேலையோடு கரையேறும் எங்கள் பெண்கள் அவ்வளவு தூரம் வரவே மாட்டார்கள்.

விடிந்ததிலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கூட்டின வாசலையே திரும்பவும் கூட்டினேன். வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், அவரே ஸ்டேஷனுக்குப் போய் வந்தவர்களை ஏற்றிவந்தார். வழியில் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். அவர் வாயைத் திறப்பதே அபூர்வம். அவர் பங்கையும் சேர்த்து நானே பேசிவிடுவேன்.

வம்பு அங்கேதான் வந்தது. டீ குடித்து முடித்ததும் ஐயா அவரைப் பார்த்து, வீட்டில் சண்டை வந்தால் முதலில் இறங்கி வருவது யார் என்று கேட்டார். நான் பதில் சொன்னேன். இந்த ஊரில் சபை வேண்டும் என்று ஏன் தோன்றியது என்று கேட்டார். அதற்கும் நான்தான் சொன்னேன். உங்களுக்குப் பிடித்த பாட்டு எது தம்பி என்றார். அவருக்குப் பிடித்த பாட்டையும் நானே எடுத்துவிட்டேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே என் கையைத் தொட்டார்.

"தம்பி சொல்லட்டும்மா. கேள்வி அவருக்குத்தானே."

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. இவர் பேசுவதற்குக் காத்திருந்தால் பொழுது சாய்ந்துவிடும் என்று சொல்ல வாய்வரைக்கும் வந்ததை விழுங்கினேன். ஐயாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவள் இருக்கிற இடத்தில் வேறு யாருக்குப் பேச இடமிருக்கும் என்று அந்தப் பார்வை கேட்டது. எல்லாவற்றையும் நானே கெடுத்துவிட்டேனே என்று மனசு அடித்துக்கொண்டது.

ஜெபக்கூட்டத்தைப் பார்த்தால் மனம் மாறிவிடுவார்கள் என்று நம்பிக் கொட்டகையில் பாய் விரித்தேன். ஒருத்தியும் வரவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரி பறியைத் தூக்கிக்கொண்டு எங்களைத் தாண்டி ஓடினாள்.

"எக்கா, இறா ஓரமா ஒதுங்கிக்குது. எல்லாம் எறங்கிட்டாங்கோ. ஜெபத்த சாய்ந்தரமா வச்சிக்கயேன்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனாள்.

முந்தின நாள் நல்ல மழை. இறால் ஒதுங்கும் என்று எனக்கே தோன்றியிருக்க வேண்டும். ஐயா வெறும் பாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு நாளாக இருந்தால் உட்கார்ந்து அழுதிருப்பேன். ஆனால் இறால் என்றதும் என் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது.

"அவங்க வரலன்னா இன்னாங்கய்யா, நாம போலாம் வாங்க. ஜெபத்த அங்கயே வச்சிக்கலாம்" என்று சொல்லி என் பறியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன்.

பறி என்பது பனையோலையில் முடைந்த கூடை. இரண்டு கையும் சேற்றைத் துழாவிக்கொண்டிருக்கும் என்பதால் அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வோம். அகப்படும் இறாலை அப்படியே உள்ளே போடுவோம். இடுப்பளவு தண்ணீரில் எங்கள் பெண்கள் எல்லோரும் குனிந்து துழாவிக்கொண்டிருந்தார்கள். நானும் இறங்கிக் கயிற்றைக் கடித்தேன். தொட்ட இடமெல்லாம் இறால். அடடா, எவ்வளவு நாளாயிற்று இப்படி.

அப்புறம்தான் உறைத்தது. பாட்டை எடுத்துக்கொடுப்பது எப்போதும் நான்தான். என் வாயில் பறி. கரையில் ஐயாவும் அம்மாவும் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் வீட்டுக்காரரைப் பார்த்துக் கண்ணை உருட்டினேன். அவர் தன் செருப்பைப் பார்த்தார். பிறகு அதைக் கழற்றிவிட்டு, பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினார். பாடினார்.

முதல் வரியில் குரல் உடைந்தது. இரண்டாவது வரியில் என் பக்கத்திலிருந்து ஒரு முனகல் கேட்டது. பறியைக் கடித்தபடியே ஒருத்தி மூக்கால் ராகம் இழுத்தாள். அடுத்தவள் சேர்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் தண்ணீரில் நின்ற அத்தனை பேரும் வாயைத் திறக்காமலே பாடினார்கள். எனக்கு மயிர் கூச்செறிந்தது.

அவர் அதோடு நிறுத்தவில்லை. ஜெபம் பண்ணினார். ஒருத்தியின் மகளுக்குக் காய்ச்சல், இன்னொருத்தியின் இடுப்பு வலி, வேலைக்குப் போய் போன் பண்ணாத ஒரு பையன் என்று ஒவ்வொருத்தி குறையையும் சொல்லி வேண்டினார். பாதி எனக்கே தெரியாது. ஆட்டோவில் இவர்கள் பின்னால் பேசிக்கொண்டு வந்ததையெல்லாம் இந்த மனுஷன் வாய் திறக்காமல் கேட்டு வைத்திருக்கிறார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"தம்பி, ரெண்டு பேரும் தயாரா?" என்று கரையிலிருந்து ஐயா கேட்டார். இந்தக் கேள்விக்குத்தான் காலையிலிருந்து காத்திருந்தேன். பல்லை இன்னும் அழுத்திக் கடித்துக்கொண்டேன்.

"நான் தயார்ங்கய்யா. ஆனா அவ கூப்ட்டாத்தான் இவங்க வருவாங்கோ. அவ பேசணும், நான் கேக்கணும். எங்க ரெண்டு பேர்ல ஒருத்தர மட்டும் வச்சி சபை நடக்காது" என்றார்.

ஐயா அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையாட்டினார்.

"அப்ப ஆரம்பிச்சிடுங்க" என்றார் ஐயா.

ஸ்தோத்திரம் என்று கத்திவிட்டேன். பறி வாயிலிருந்து நழுவிக் கவிழ்ந்தது. பிடித்த இறால் மொத்தமும் ஏரிக்கே போனது. பெண்கள் பறியைக் கையில் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்து, மிதந்த என் பறியை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஒவ்வொருத்தியாக வந்து தன் பறியிலிருந்து ஒரு கை இறாலை அள்ளி அதில் போட்டாள்.

"இப்ப எல்லாருக்கும் ஒரு வார்த்தை பேசும்மா" என்றார் அம்மா.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன்.

"நீயே சொல்லுய்யா" என்றேன்.