லாரியில் ஏறி வந்த வீடு

வீடு விற்கும் முகவர் வாசற்கதவைத் திறந்து வைத்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்பார். மெரியானா அதற்குள் வீட்டுக்கு அடியில் போயிருப்பாள். எங்கள் ஊர்ப்பக்கத்து வீடுகள் மரக்குற்றிகளின்மேல் நிற்பவை. ஆள் தவழ்ந்து போக இடமிருக்கும். ஒரு கையில் டார்ச், மறு கையில் திருப்புளி. ஒவ்வொரு குற்றியாகக் குத்திப் பார்ப்பாள். திருப்புளி உள்ளே இறங்கினால் மரம் உளுத்துவிட்டது. பத்து நிமிடம் கழித்துத் தலை நிறைய ஒட்டடையோடு வெளியே வந்து, "சுவருக்கு பெயிண்ட் அடிச்சு ஏமாத்தலாம். அடியில எவனும் பெயிண்ட் அடிக்க மாட்டான்" என்பாள். முகவரின் சிரிப்பு அத்தோடு போய்விடும்.

மூன்று வருடங்களாக அவளுடைய ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான் கழிந்தன. மற்ற நாட்களில் பால் லாரி ஓட்டுகிறாள். ஹாவெரா ஊரைச் சுற்றியுள்ள பண்ணைகளில் ஏற்றிய பாலை, நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் கொண்டுவந்து இறக்குவாள். பின்னால் இன்னொரு தொட்டியையும் இழுத்துவரும் நீளமான வண்டி. அதை ஒரே மூச்சில் பின்னுக்கு எடுத்துக் கோட்டுக்குள் நிறுத்திவிட்டு, படியில் உட்கார்ந்து ஃபெய்ஜோவா பழத்தைக் கரண்டியால் தோண்டித் தின்பாள். அடுத்து வரும் ஓட்டுநர் நாலு தடவை முன்னும் பின்னும் போய்வருவதைப் பார்த்து மதிப்பெண் போடுவாள். "பத்துக்கு மூணு. அதுவும் சட்டை நல்லாருக்கிறதால." யாரும் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்தால் ரெண்டாகிவிடும்.

வீட்டில் ஆறு பேர். கணவன் டியோன் ஆட்டுக்கு ரோமம் வெட்டுபவன். மூன்று பிள்ளைகள். அவளுடைய அப்பா ராவிரி ரயில்வேயில் இருந்தவர். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. இரண்டு அறை வாடகை வீட்டில் அவருக்குக் கூடத்து சோபாதான் கட்டில். குளிர்காலத்துக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர்.

வீட்டுக் கடன் கேட்டுப் போனபோது, வங்கியில் ஒரு பையன் உட்கார்ந்து இருவர் சம்பளத்தையும் கணினியில் தட்டினான். டியோனுடையது பருவ வேலை என்று பாதியைத்தான் எடுத்துக்கொண்டான். கடைசியில் ஒரு தொகை வந்தது. அதற்குமேல் ஒரு டாலர்கூடத் தர விதியில்லை. அந்தத் தொகைக்கு ஊருக்குள் இரண்டு அறை வீடுதான் கிடைக்கும். ஆறு பேர் எங்கே படுப்பது என்று இவள் கேட்டிருக்கிறாள். அவன் மரியாதையாகத்தான் சொன்னானாம்: "அப்பாவுக்கு ஒரு முதியோர் இல்லம் பாத்துட்டீங்கன்னா, சமாளிச்சிடலாமே."

"பணம் கொறஞ்சா பணத்தப் பத்திப் பேசு தம்பி. ஆளக் கொறைக்காத."

தனக்குக் கோபமே வரவில்லை என்று என்னிடம் சொன்னாள். அன்று அவள் லாரிக் கதவைச் சாத்திய சத்தம் தொழிற்சாலையின் மூன்றாவது மாடிவரை கேட்டது.

அடுத்த வாரம் அவள் திருப்புளி இறங்காத வீடு ஒன்று அகப்பட்டது. பழைய பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் வீடு. நல்ல மரம், விசாலமான அறைகள். அந்த இடத்தில் விளையாட்டுக்கூடம் கட்டப் போகிறார்கள். வீட்டைப் பெயர்த்துக்கொண்டு போகிறவர்களுக்கு அடிமாட்டு விலை. மெரியானாவும் டியோனும் ஓய்வுக்காலச் சேமிப்பு மொத்தத்தையும் எடுத்து, அந்த வீட்டையும், கடை மூடிப்போன ஒரு குக்கிராமத்தில் ஒரு மனையையும் வாங்கினார்கள். பைத்தியக்காரத்தனம் என்று அவளிடமே சொன்னேன். "ஆமா. ஆனா அஞ்சு ரூம் பைத்தியம்" என்றாள்.

லாரிமேல் இருக்கும் வீட்டுக்கு வங்கி பணம் தராது. புதுக் குற்றிகளில் ஏறி உட்கார்ந்து, மதிப்பீட்டாளர் வந்து இவ்வளவு பெறும் என்று எழுதிய பிறகுதான் தரும். அதனால் வீடு பெயர்க்கும் முர்ரே பாதிக் கூலியை முதலில் வாங்கிக்கொண்டு, மீதிக்குக் காத்திருக்கச் சம்மதித்தார்.

"வங்கிக்காரன் கைய விரிச்சா, வீடு வந்த லாரியிலயே திரும்பப் போயிடும் மெரி. அப்புறம் என்னத் திட்டக் கூடாது."

"திட்டுவேன். வாய்க்கு வந்தபடி திட்டுவேன்."

வீட்டை நடைவழியோடு இரண்டாக அறுத்தார்கள். விடிந்தும் விடியாத வேளையில் இரண்டு லாரிகளில் பாதி பாதியாகக் கிளம்பியது. பூப்போட்ட சுவர்க்காகிதமும் குளியல்தொட்டியும் ஊருக்கே தெரிந்தன. ஒற்றை வண்டிப் பாலத்துக்கு வந்ததும் முர்ரே இறங்கித் தலையைச் சொறிந்தார். இருபக்கமும் நாலு விரல் இடம்தான். மெரியானா பாலத்தில் ஏறி, வீட்டுக்கு முகம் காட்டியபடி பின்னோக்கி நடந்து, இரண்டு கைகளாலும் வலது இடது காட்டிக்கொண்டே போனாள். வீடும் அவளைத் தொடர்ந்து வந்தது. காத்திருந்து அலுத்த விவசாயி ஒருவர், எங்கே போகிறது வீடு என்று கத்தினார். "வங்கிக்காரன் கைக்கு எட்டாத ஊருக்கு" என்று இவளும் கத்தினாள். அப்படியொரு ஊர் இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

இரண்டு பாதியையும் ஒட்டவும் கூரை போடவும் எட்டு வாரம் ஆயிற்று. வடக்குப் பார்த்த, கண்ணாடி அடைத்த தாழ்வாரத்தை டியோன் அப்பாவுக்கென்று ஒதுக்கி, குளிர் புகாமல் சுவரடைத்து, சக்கர நாற்காலி நுழையக் கதவை அகலமாக்கினான். எங்கள் நாட்டில் வெயில் வடக்கிலிருந்து வரும்; நாளெல்லாம் வெயில் விழும் அறை. ராவிரி கட்டிலில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார்.

"சின்ன வயசுல பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ விட்டுட்டு எங்க பாஷையப் பேசினதுக்கு இந்த வீட்டு வாசல்லதான் பிரம்படி வாங்கினேன். இனிமே இதுலயே குறட்டை விடப் போறேன்" என்றார்.

விட்டார். மதிப்பீட்டாளர் வந்த வியாழக்கிழமை மத்தியானமும் விட்டுக்கொண்டிருந்தார். வர்ணம் அடிக்க உதவிக்குப் போயிருந்த நான் கையில் தூரிகையோடு ஓரமாக நின்றேன். ஐந்து படுக்கையறை என்றால் தொகை தேறும், நாலு என்றால் தேறாது என்று முர்ரே முன்பே எச்சரித்திருந்தார். மதிப்பீட்டாளர் அறை அறையாக அளந்து நாலு வரை எழுதினார். தாழ்வாரத்துக்கு வந்தார். உள்ளேயும் வெளியேயும் திறக்கும் இரண்டு கதவுகளைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், போர்வைக்குள் தூங்குகிறவரையும் பார்த்தார். படிவத்தில் 'சாமான் அறை' என்று எழுதினார்.

அவர் தோளுக்குப் பின்னால் நின்று மெரியானா அதைப் படித்தாள். வாயைத் திறக்காதே என்று டியோன் அவள் சட்டையைப் பிடித்து இழுத்தான். அவள் வாயைத் திறக்கவில்லை. மதிப்பீட்டாளரின் விரல்களிலிருந்து பேனாவை உருவினாள். அந்த இரண்டு வார்த்தைகளையும் அடித்தாள். மேலே பெரிய எழுத்தில் 'ராவிரி' என்று எழுதி, பேனாவை மூடி அவர் சட்டைப்பையில் செருகினாள்.