குடிநீர்த் தொட்டிக்கு நான் போட்ட கையெழுத்து

எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டியின் தூணில் 'சுத்தம் செய்த நாள்' என்று அன்றைய தேதி எழுதியிருந்தது. பெயின்ட் இன்னும் காயவில்லை. தொட்டி சுத்தமானதற்கு அடையாளமாக, என் குடத்தில் பாசி மிதந்தது. நிமிர்ந்து பார்த்தேன். ஏணியின் நடுப்படிகள் துருப்பிடித்து உதிர்ந்து வருடங்கள் ஆகின்றன. காக்கா வேண்டுமானால் மேலே போகலாம். தூணில் தேதி எழுதத்தான் ஏணி தேவையில்லையே.

கிராம சபையில் எழுந்து கேட்டுவிட வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஊராட்சிச் சட்டத்தை மனப்பாடம் செய்தவளுக்கு அதை யாரிடமாவது ஒப்பிக்காமல் தூக்கம் வராது. வீட்டில் ஏற்கெனவே எல்லோரும் கேட்டு முடித்திருந்தார்கள்.

மே தினக் கூட்டத்துக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் போனேன். நூறு நாள் வேலை பார்க்கும் பெண்களை அட்டையோடு வரச் சொல்லிப் பந்தலை நிறைத்திருந்தார்கள். மக்களாட்சிக்குப் பஞ்சமே இல்லை. ஏற முடியாத தொட்டியைக் கழுவியது யார், அதைச் சரிபார்க்க வேண்டிய குடிநீர்க் குழு எங்கே, அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று மூச்சுவிடாமல் கேட்டேன். கைதட்டுவார்கள் என்று ஒரு நிமிடம் காத்தும் பார்த்தேன்.

ஊராட்சித் தலைவருக்கு ஒரே சந்தோஷம். படித்த பிள்ளைகள் இப்படித்தான் கேட்க வேண்டும் என்று மைக்கிலேயே பாராட்டிவிட்டு, பந்தலின் கடைசியில் நின்றவரைப் பார்த்தார். அவர் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவர், கழுவ வேண்டியவரும் அவர்தான். எனக்குத் தெரு முறையில் சித்தப்பா. "புள்ள கேக்குதுல்ல, சொல்லுய்யா."

சித்தப்பா ஏணி என்று ஆரம்பித்தார். அந்தச் சாக்கெல்லாம் வேண்டாம், குழுவே பார்த்து எழுதிக் கொடுத்திருக்கிறது, அப்படியென்றால் குழுவை ஏமாற்றியது நீதானே, வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறோம் என்று தலைவர் முடித்துவிட்டார். ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்திருந்த அதிகாரி தலையாட்டினார். அவர் வந்ததிலிருந்தே ஆட்டிக்கொண்டுதான் இருந்தார். பதில் சொல்ல வேண்டியவரை நோக்கி நான் எறிந்த கேள்வி, வளைந்து போய் ஊரிலேயே குறைந்த சம்பளக்காரர் தலையில் விழுந்தது.

விடுவேனா? குழு எழுதியதைக் காட்டுங்கள் என்றேன். ஊராட்சிச் செயலர் ஜனவரிக் கூட்டத்தின் தீர்மானப் பதிவேட்டை ஆசையோடு விரித்தார். 'குழு உறுப்பினர்கள் நேரில் ஏறிப் பார்வையிட்டு மனநிறைவு தெரிவித்தனர்.' கீழே கையெழுத்துகள். மூன்றாவது கையெழுத்துக்கு அடியில் ஒரு சுழி. அதிகாரியான பிறகு போடுவதற்கென்று நான் பழகி வைத்திருக்கும் சுழி.

குடியரசு தினத்தன்று கொடியேற்றியதும் செயலர் வெற்றுப் பக்கத்தை நீட்டி, "மேல அப்புறம் எழுதிக்கிறேன், கீழ போட்டுரும்மா" என்றது நினைவுக்கு வந்தது. எங்கள் ஊர் வழக்கம் அது: முதலில் கையெழுத்து, பிறகுதான் முடிவு. ஒரு கையில் லட்டு இருந்ததால் மறு கையால் போட்டுவிட்டேன். சட்டம் தெரிந்தவள் அல்லவா.

"அப்ப நீயும் ஏறித்தான் பாத்தியாம்மா?" என்றார் தலைவர். பந்தலே சிரித்தது.

"நான் ஏறல. அவரும் ஏறல. ஏணியே இல்ல. அதை எழுதுங்க" என்றேன். எழுதிக்கொள்வோம் என்றார்கள். தேசிய கீதம் போட்டு எல்லோரையும் எழுப்பிவிட்டார்கள்.

வெளியே வந்து சித்தப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஒன்ன யாரு கேக்கச் சொன்னா? ஏணிக்கு மூணு மனு குடுத்துட்டு வாய மூடிக்கிட்டு இருந்தேன். ரெண்டு புள்ள படிக்குது. வேலைய வாங்கிக் குடுன்னா கேட்டேன், காப்பாத்திக் குடுன்னுகூடக் கேக்கலயே" என்றார்.

பக்கத்தில் சித்தி நின்றார். அவரும் நூறு நாள் வேலைக்காரர்தான். இன்றைக்குப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டீர்களா என்று கேட்டேன்.

"உள்ள நொழையும்போதே போடச் சொன்னாக. வேலைக்குத்தான் கணக்காக்கும்னு எல்லாருந்தான் போட்டோம்."

"மேல என்ன எழுதியிருந்துச்சு?"

"ஒண்ணுமில்லடி. வெள்ளையாத்தான் இருந்துச்சு."

ஆக, புருஷனை வேலையை விட்டு நீக்கும் தீர்மானத்துக்குச் சித்தி முன்கூட்டியே சம்மதித்திருக்கிறார். எழுதுவது மட்டும்தான் பாக்கி. செயலர் எப்போதும் மறுநாள் அலுவலகத்தில் மின்விசிறிக்கு அடியில்தான் எழுதுவார்.

மறுநாள் என்பது நாளைக்கு. மூன்று மனுக்களின் நகலும் அலுவலக முத்திரையோடு மோட்டார் அறைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்தன. எடுத்துவிட்டேன். கையெழுத்துப் போட்ட பெண்களில் பதினொரு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எட்டுப் பேர் வந்தாலும் போதும். செயலர் பேனாவைத் திறப்பதற்கு முன்னால் போய் நின்று, எங்கள் கையெழுத்துக்கு மேல் இதை எழுதுங்கள் என்று கேட்கப் போகிறோம்: ஏணி சரியாகும்வரை யாரையும் நீக்குவதில்லை. மறுத்தால், வெற்றுப் பக்கத்தில் வாங்கிய கையெழுத்து என்று பதினொரு பேரும் நானும் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதுவோம். என் ஜனவரிக் கையெழுத்தும் அப்படித்தான் என்று முதல் வரியில் எழுத வேண்டியிருக்கும். சுழி போடாமல் எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.